வின்ட்ரஷ் நட்டஈடு ஹோம் ஒஃபிஸின் கையில் இருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதங்களில் ஒரு அன்பர், வின்ட்ரஷ் விவகாரம் (சட்டப்படி இங்கே வாழ உரிமையுள்ளவர்களைக் காகிதம் இல்லை என்று சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்தியது) ஜமைக்கா ஆட்களின் பிரச்சினை, அவர்களுக்கும் அரசாங்கம் காசு கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டது, தமிழ்ப் பத்திரிகைக்கு அதில் என்ன வேலை என்று கேட்டிருந்தார். லண்டனில் எங்கள் சனம் பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அவருக்குப் பதில் என்றில்லாமல் எல்லோருக்குமாகவே இதை எழுதுகிறேன். கணக்கு முடியவில்லை. அது ஜமைக்காவோடு நிற்கிற விஷயமும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற கணக்காளன். கவுன்சில் கடிதம், பென்ஷன் படிவம் என்று எங்கள் பகுதி வயதான தமிழர்கள் கொண்டுவருவதை வாசித்து விளங்கப்படுத்துவதுதான் இப்போது என் வேலை. (குடிவரவு விஷயத்தில் பதிவு இல்லாதவர்கள் ஆலோசனை சொல்வது இங்கே சட்டப்படி குற்றம். அப்படிக் கடிதம் ஏதும் வந்தால் வாசித்துக் காட்டிவிட்டு, சட்ட மையத்துக்கோ சிட்டிஸன்ஸ் அட்வைஸுக்கோ போகச் சொல்லிவிடுவேன். காசு வாங்கிக்கொண்டு வீட்டில் வைத்துப் படிவம் நிரப்பித் தரும் அண்ணன்மாரும் இதைக் கொஞ்சம் கவனிக்கட்டும்.)

நடந்தது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948 ஜூனில் எம்பயர் வின்ட்ரஷ் என்ற கப்பல் டில்பரித் துறைமுகத்துக்கு வந்தது. அதில் தொடங்கி, அடுத்த கால் நூற்றாண்டு முழுக்கப் பொதுநலவாய நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து இந்த நாட்டின் பஸ்ஸை ஓட்டினார்கள், ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தார்கள். 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 1973 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, அன்றைக்கு இங்கே குடியிருந்த பொதுநலவாயப் பிரஜைகளுக்குத் தொடர்ந்து வாழும் உரிமை உறுதியானது. ஆனால் அதற்கென்று ஒருவருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கவில்லை, அரசாங்கமும் பட்டியல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கப்பலில் வந்து இறங்கியவர்களின் பழைய பதிவு அட்டைகள் கொஞ்சம் இருந்தன, அவற்றையும் 2010-இல் அழித்துவிட்டார்கள். அப்புறம் 2012-இல் தெரேசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது, சட்டவிரோதமாக இருப்பவர்களுக்கு இந்த நாட்டை வாழ முடியாத இடமாக்கப் போகிறோம் என்று வெளிப்படையாகவே கொள்கை வகுத்தார். 2014, 2016 சட்டங்கள் வந்தன. வீட்டுக்காரர், வேலை கொடுப்பவர், வங்கி, ஆஸ்பத்திரி என்று ஆளுக்கு ஆள் விசா பார்க்கத் தொடங்கினார்கள். சட்டப்படி முழு உரிமையுள்ளவர்கள், காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்தால் சட்டவிரோதக் குடியேறிகள் ஆனார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் லண்டனில் வாழ்ந்த ஒருவரிடம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 54,000 பவுண் கட்டச் சொன்னார்கள். குறைந்தது 83 பேரைப் பிழையாக நாடு கடத்தியிருக்கக் கூடும் என்று ஹோம் ஒஃபிஸே, அதாவது உள்துறை அமைச்சே, கணக்குக் கொடுத்தது. 2018 ஏப்ரலில் விஷயம் வெடித்து, அப்போதைய உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார்.

போலெட் வில்சன் என்ற அம்மாவின் கதையை நம்மவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1968-இல் சின்னப் பிள்ளையாக ஜமைக்காவிலிருந்து வந்தவர். நாடாளுமன்ற உணவகத்தில் எம்.பி.மாருக்குச் சமைத்துப் போட்டவர். 34 வருடம் தேசியக் காப்புறுதிப் பணம் கட்டிய பதிவு அவர் பேரில் இருந்தது. அப்படியிருந்தும் 2017 அக்டோபரில் அவரைப் பிடித்து யார்ல்ஸ் வூட் தடுப்பு முகாமில் போட்டு, ஐம்பது வருடமாகப் போகாத ஊருக்கு விமானம் ஏற்றப் பார்த்தார்கள். 2020 ஜூனில் நட்டஈட்டைச் சீக்கிரம் கொடு என்று 130,000 பேர் கையெழுத்திட்ட மனுவை டவுனிங் வீதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த மாதமே இறந்துபோனார், 64 வயது.

கணக்காளன் என்ற முறையில் என்னை உறுத்துவது அந்த 34 வருடப் பதிவுதான். ஒருவர் இந்த நாட்டில் இருந்தாரா இல்லையா என்பது அரசாங்கத்துக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். தேசியக் காப்புறுதி எண் இருக்கிறது, வரி அலுவலகத்தில் பதிவு இருக்கிறது, என்.எச்.எஸ். எண் இருக்கிறது, பள்ளிக்கூடப் பதிவும் சில வேளை இருக்கும். சம்பளத்தில் வரி பிடிக்கும்போது ஆள் எங்கே இருக்கிறார் என்பதில் அவர்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அதே ஆள் இங்கே இருக்க எனக்கு உரிமை உண்டு என்று சொல்லும்போது, ஒவ்வொரு வருடத்துக்கும் நாலு அத்தாட்சி கொண்டுவா என்று கேட்டார்கள். 1974-இல் இருந்த வாடகை வீட்டின் ரசீதை யார் வைத்திருப்பார்? வேலை செய்த தொழிற்சாலை மூடிப் பல காலம். வங்கியிடம் கேட்டால், ஆறு ஏழு வருடத்துக்கு முந்தைய கணக்கு எங்களிடம் இல்லை என்று கையை விரித்துவிடுவார்கள். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம் இது. அந்தப் பாரத்தை அறுபது எழுபது வயதுக்காரர்களின் தலையில் ஏற்றினார்கள்.

சரி, பிழை நடந்துவிட்டது, மன்னிப்பும் கேட்டார்கள். நட்டஈட்டுத் திட்டத்தை வடிவமைக்க மார்ட்டின் ஃபோர்ட் என்ற வழக்கறிஞரை அமர்த்தினார்கள். 2019 ஏப்ரலில் திட்டம் தொடங்கியது. கிட்டத்தட்ட 15,000 பேருக்குத் தகுதி இருக்கலாம், 200 முதல் 570 மில்லியன் பவுண் வரை செலவாகலாம் என்பது அன்றைய மதிப்பீடு. ஐந்து வருடம் கழிந்தும் கொடுத்த தொகை 100 மில்லியனைக்கூட எட்டவில்லை. ஆரம்பத்தில் கொடுத்த தொகைகளைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. வாழ்க்கையே குலைந்துபோனதற்கான இழப்பீடு 250 பவுணிலிருந்து தொடங்கியது. வேலை போனதற்கான பொது இழப்பீட்டை 12 மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள், அதாவது ஐந்து வருடம் வேலையில்லாமல் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்திருந்தவருக்கும் ஒரு வருடக் கணக்குத்தான். சத்தம் போட்ட பிறகு 2020 டிசம்பரில் ஆகக் குறைந்த தொகையை 10,000 பவுணாக்கி, அந்த 12 மாத எல்லையையும் எடுத்தார்கள். வேலை வழியாகச் சேர்ந்திருக்க வேண்டிய பென்ஷன் நட்டத்தை 2025 வரை கணக்கிலேயே எடுக்கவில்லை. வேலை போனால் சம்பளத்தோடு பென்ஷனும் போகும் என்பது கணக்கியலில் முதல் வருட மாணவனுக்கே தெரியும், அதை ஏற்றுக்கொள்ள இவர்களுக்கு ஆறு வருடம் பிடித்தது.

இதையெல்லாம் திறமைக் குறைவு என்று மட்டும் சொல்லி விட்டுவிட என்னால் முடியவில்லை. தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2021-இல் எழுதிய அறிக்கையைப் பாருங்கள். 125 அலுவலர்கள் தேவை என்று தாங்களே மதிப்பிட்டுவிட்டு, திட்டம் தொடங்கியபோது வைத்திருந்தது ஆறு பேரை. அதே வருடம் நவம்பரில் நாடாளுமன்ற உள்துறைக் குழு கொடுத்த கணக்குப்படி, மதிப்பிட்ட 15,000 பேரில் நூற்றுக்கு ஆறு பேருக்குக்கூட அதுவரை காசு போகவில்லை, 23 பேர் காத்திருந்தபடியே செத்துப்போனார்கள். அந்தத் திட்டத்துக்குள் மூத்த பதவியில் இருந்த ஒரு கறுப்பினப் பெண் அதிகாரி, இது இனப்பாகுபாடு ஊறிய திட்டம், நோக்கத்துக்கு உதவாது என்று சொல்லிவிட்டு வேலையை விட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மனிதரின் உரிமையை மறுத்தது ஹோம் ஒஃபிஸ். அந்த மறுப்பால் அவருக்கு எவ்வளவு நட்டம் என்று தீர்மானிப்பதும் அதே ஹோம் ஒஃபிஸ். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, இங்கே ஓணானே நீதிபதியாகவும் உட்கார்ந்திருக்கிறது. தீர்ப்பு சரியில்லை என்றால் மறுபரிசீலனை கேட்கலாம், உண்மைதான், ஆனால் முதல் மறுபரிசீலனையைச் செய்வதும் ஹோம் ஒஃபிஸின் இன்னொரு அதிகாரிதான். அதற்கு மேலே அட்ஜுடிகேட்டர் அலுவலகம் என்று வெளியே ஒன்று இருக்கிறது, அது சிபாரிசுதான் செய்யும், கடைசி முடிவு திரும்பவும் ஹோம் ஒஃபிஸுக்கே போகும். பல வருடம் இந்த அலுவலகத்தின் கடிதத்தைக் கண்டாலே கை நடுங்கின ஒருவரிடம், உன் பழைய முகவரி, உன் வருமானம், உன் மனநிலை, உன் டாக்டர் அறிக்கை எல்லாவற்றையும் 44 பக்கப் படிவத்தில் எழுதி அதே அலுவலகத்துக்கு அனுப்பு என்றால் அவர் அனுப்புவாரா? எங்கே அதை வைத்துத் திரும்பவும் வாசலில் வந்து நிற்பார்களோ என்றுதானே நினைப்பார்? ஹோம் ஒஃபிஸ் தந்த உரிமைப் பத்திரங்களை 16,000-க்கு மேற்பட்டோர் வாங்கிக்கொண்டார்கள். நட்டஈடு வாங்கியவர்கள் அதில் ஒரு பகுதிதான். பத்திரம் வாங்கிய எல்லோருக்கும் நட்டம் வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் இந்த இடைவெளிக்குப் பயமும் நம்பிக்கையின்மையும் பெரிய காரணம் என்பது அந்தச் சனங்களோடு ஒருநாள் உட்கார்ந்து கதைத்தால் விளங்கும்.

வக்கீல் உதவியும் இல்லை. இந்தத் திட்டத்துக்குச் சட்ட உதவி நிதி கிடையாது, படிவம் வக்கீல் தேவையில்லாத அளவுக்கு எளிது என்பது அரசாங்கத்தின் வாதம். போஸ்ட் ஒஃபிஸ் ஹொரைசன் விவகாரத்தில், கணினி செய்த கணக்குப் பிழைக்குத் திருட்டுப் பழி சுமந்த தபால் கடைக்காரர்களுக்கு வக்கீல் செலவை அரசாங்கமே கொடுத்தது, அங்கே நட்டஈடு ஒரு பில்லியன் பவுணைத் தாண்டிவிட்டது. (அங்கேயும் ஒரு திட்டத்தை போஸ்ட் ஒஃபிஸே நடத்திப் பெயரைக் கெடுத்துக்கொண்டது, பிழை செய்தவனிடமே பணப்பெட்டியைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.) கெட்டுப்போன இரத்தம் ஏற்றப்பட்டு நோயாளிகளானவர்களுக்குத் தனியான ஆணையம் ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள், 2024 பட்ஜெட்டில் 11.8 பில்லியன் பவுண் ஒதுக்கினார்கள். அங்கேயும் தாமதம் என்று ஆட்கள் கத்துகிறார்கள், அது வேறு. ஆனால் பிழை செய்த துறையிடமே பாதிக்கப்பட்டவர் போய்க் கைநீட்ட வேண்டாம் என்ற கொள்கையை அங்கே ஏற்றுக்கொண்டவர்களுக்கு, வின்ட்ரஷ் என்றதும் மட்டும் ஏன் அது மறந்துபோகிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் உள்துறைக் குழு தன் அறிக்கையில், திட்டத்தை ஹோம் ஒஃபிஸிடமிருந்து எடுத்துச் சுயாதீனமான ஓர் அமைப்பிடம் கொடுங்கள் என்று சிபாரிசு செய்தது. அன்றைய அரசாங்கம் மறுத்துவிட்டது. அந்தக் குழுவுக்கு அப்போது தலைவர் யார் தெரியுமா? இவெட் கூப்பர். 2024 ஜூலையில் அவரே உள்துறை அமைச்சரானார். ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கதிரையில் இருந்தார். வின்ட்ரஷ் ஆணையர் என்று ஒருவரை நியமித்தார், நல்லது. உதவி அமைப்புகளுக்கு 1.5 மில்லியன் பவுண் ஒதுக்கினார், அதுவும் நல்லது. ஆனால் தன் கையாலேயே எழுதிய அந்த முக்கியமான சிபாரிசு அப்படியே கிடந்தது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது தெரிந்த நியாயம் அமைச்சரானதும் எங்கே போனது என்று அவருடைய கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது கேளுங்கள். கன்சர்வேட்டிவ்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வின்ட்ரஷ் விவகாரத்தை ஆராய்ந்த வெண்டி வில்லியம்ஸ் அறிக்கையின் 30 சிபாரிசுகளையும் ஏற்கிறோம் என்று அவர்களுடைய அரசாங்கம் 2020-இல் சொன்னது, 2023 ஜனவரியில் அவற்றில் மூன்றைத் தூக்கிக் குப்பையில் போட்டது அப்போது உள்துறை அமைச்சராக இருந்த சுவெல்லா பிராவர்மன். அதில் இரண்டைக் கைவிட்டது சட்டவிரோதம் என்று 2024-இல் உயர் நீதிமன்றம் சொன்னது.

எங்கள் ஆட்களுக்கு இதில் என்ன என்ற கேள்விக்கு வருவோம். இலங்கையும் இந்தியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் பொதுநலவாய நாடுகள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சிலோன் பாஸ்போர்ட்டோடு படிக்கவும் வேலைக்கும் வந்து 1973-க்கு முன்னரே இங்கே குடியேறிய தமிழர்கள், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகள், எல்லோரும் இந்தத் திட்டத்தின் வரம்புக்குள் வருவார்கள். அதோடு முடியவில்லை. எந்த நாட்டவராக இருந்தாலும் 1988 டிசம்பர் 31-க்கு முன் வந்து, இப்போது சட்டப்படி நிரந்தரமாக இங்கே இருப்பவர், தன் உரிமையைக் காகிதத்தில் காட்ட முடியாமல் நட்டப்பட்டிருந்தால் விண்ணப்பிக்கலாம். 83 ஜூலைக்குப் பிறகு ஓடிவந்த எங்கள் சனத்தில் எத்தனை பேர் இந்தத் தேதிக்குள் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நட்டப்பட்டவர் இறந்துபோயிருந்தால் அவருடைய சொத்துக்குப் பொறுப்பானவர் கேட்கலாம், நெருங்கிய குடும்பத்தினரும் தங்களுக்கு வந்த பாதிப்புக்குக் கேட்கலாம்.

எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் சின்னப் பிள்ளையாக 1971-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். முதியோர் இல்லமொன்றில் பல வருடம் வேலை செய்தார். நிர்வாகம் மாறியதும் புதிய ஆட்கள் விசாவைக் காட்டச் சொன்னார்கள், காட்ட ஒன்றும் இல்லை, வேலை போய்விட்டது. தகப்பன் காலத்துப் பாஸ்போர்ட் எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்ததோ தெரியாது. இந்தத் திட்டத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சொன்னது, "தம்பி, பிரஜாவுரிமை எடுக்காமல் விட்டது என்ர பிழைதானே, பிறகு அரசாங்கத்திட்டப் போய்க் காசு கேக்கிறதோ?" அவர் பிரஜாவுரிமை எடுக்கவேண்டிய கட்டாயம் சட்டத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. இருக்கும் உரிமையோடு இருந்தார், வரி கட்டினார், அவ்வளவுதான். எங்கள் ஆட்களிடம் இந்தக் கூச்சம் அதிகம், மேற்கிந்தியர்கள் தெருவில் இறங்கிக் கேட்டதால்தான் எங்களுக்கும் இந்தக் கதவு திறந்தது என்பதையும் நாங்கள் மறந்துவிடுகிறோம்.

இனியும் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். பழைய பாஸ்போர்ட்டில் மையால் குத்திய நிரந்தர வதிவுரிமை முத்திரையோடு இன்னும் எத்தனையோ முதியவர்கள் இருக்கிறார்கள். அந்த முத்திரை சட்டப்படி செல்லும். ஆனால் இப்போது எல்லாம் இணையத்தில் ஈ-விசா என்று ஆகிவிட்டது, வீட்டுக்காரருக்கும் முதலாளிக்கும் மை முத்திரையைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அந்த முத்திரையை ஈ-விசாவாக மாற்றும் விண்ணப்பம் இலவசம். பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்து செய்து கொடுங்கள், அந்தப் பழைய பாஸ்போர்ட்டை மட்டும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். யார் யார் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பெரிய எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். 75 வயது தாண்டியவர்களுக்கும் கடும் நோயாளிகளுக்கும் முன்னுரிமை உண்டு என்பதையும், இறுதித் தொகையில் 75 சதவீதம் வரை முன்பணமாகத் தரும் ஏற்பாடு 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது என்பதையும் அதில் சேருங்கள். வாசகர்கள் தங்கள் எம்.பி.க்கு எழுதும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: நட்டஈட்டுத் திட்டத்தை ஹோம் ஒஃபிஸிலிருந்து வெளியே எடுப்பதற்கு நீங்கள் ஆதரவா, எதிர்ப்பா? பரிசீலிக்கிறோம், கவனத்தில் எடுக்கிறோம் என்று பதில் வந்தால் அதே கேள்வியைத் திரும்ப எழுதுங்கள். வருகிற பதில்களை உங்களுக்கு அனுப்பிவைத்தால், எம்.பி.யின் பெயரோடு பிரசுரிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
ஹரோ, லண்டன்.